காற்றாடிப் பயிற்சியைக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரமான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை பலமாக அடிக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசுகிறது. இந்தக் காற்றைக் கொண்டு தண்ணீர் இறைக்கும் காற்றாடியைக் குறைந்த செலவில் கட்ட ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று பேச்சு அடிக்கடி எழுகிறது. தர வேண்டியதுதான். ஆனால் பயிற்சி என்றதும் எல்லோருக்கும் சக்கரமும் இறக்கையும்தான் நினைவுக்கு வருகின்றன. 1980களில் மத்திய அரசின் செயல்விளக்கத் திட்டத்தில் 12 இறக்கை, 5 மீட்டர் சக்கரம் கொண்ட காற்றாடிகளை நாடெங்கும் நிறுத்தினார்கள். அவற்றில் பல, பழுது பார்க்க ஆளில்லாமல் துருப்பிடித்தன. நின்றுபோகும் காற்றாடி பெரும்பாலும் கிணற்றுக்குள் இருக்கும் பம்பால்தான் நிற்கிறது. அதனால் பயிற்சியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 600 அடி, 800 அடி போர்வெல்லுக்கு இந்தக் காற்றாடி உதவாது. 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நிற்கும் திறந்த கிணறுகளுக்குத்தான் இது. அப்படிப்பட்ட கிணறு இல்லாதவரிடம் காற்றாடியைத் தலையில் கட்டுவது பாவம்.

பம்புக்கு எங்கும் அலைய வேண்டாம். ஊரெல்லாம் இருக்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பின் சிலிண்டரே போதும். உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், வீச்சு, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 125 மில்லிமீட்டர். ஒரு இழுப்புக்கு ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் வரும். 12 மில்லிமீட்டர் கம்பியும் வாஷரும் கடையில் கிடைக்கும், கழற்றி மாட்டத் தெரிந்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள். 3 மீட்டர் விட்டமுள்ள சக்கரம், நொடிக்கு 4 மீட்டர் காற்றில் நிமிடத்துக்குச் சுமார் 30 சுற்று சுற்றினால் மணிக்கு 700 லிட்டர் வரும். பத்து மணி நேரம் ஓடினால் 7,000 லிட்டர். தென்னைக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 140 மரங்களுக்கு ஆகும். காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால் மார்ச், ஏப்ரல் கணக்கை இதில் போட்டுக்கொள்ளக் கூடாது. அந்த மாதங்களுக்கு மோட்டாரோ சோலார் பம்போ வேண்டும்.

கஞ்சிக்கோட்டில் மின்சாரத்துக்காகச் சுற்றும் மூன்று இறக்கைக் காற்றாடியைப் பார்த்து அதேபோல் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பிஸ்டன் பம்பு முதல் சுற்றிலேயே தண்ணீர்த் தூணின் முழுப் பாரத்தையும் தூக்கியாக வேண்டும். 15 மீட்டரில் அது 47 கிலோ, கம்பியின் எடை தனி. மெதுவாகச் சுற்றினாலும் முறுக்கு விசை தருவதற்குப் பல இறக்கைகள் வேண்டும். 18 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் 1 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் 12 இறக்கை. ஒவ்வொன்றும் நடுவில் 3 சென்டிமீட்டர் குழிவாக வளைந்திருக்க வேண்டும். சக்கரத் தளத்திலிருந்து நுனியில் 28 டிகிரி, உள்முனையில் 40 டிகிரி. இதைக் கண்ணால் பார்த்து வைக்கக் கூடாது. மரக்கட்டையில் ஆப்பு அளவு செதுக்கி, பன்னிரண்டுக்கும் அதையே வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் இறக்கை பிசகினாலும் சக்கரம் ஆடும், ஆட்டம் பேரிங்கைத் தின்னும்.

அப்படியும் லேசான காற்றில் சக்கரம் கிளம்ப மறுக்கும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பிஸ்டனில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட வேண்டும். மெதுவாக நகரும்போது தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து பாரம் குறையும், சக்கரம் கிளம்பிவிடும். வேகம் பிடித்த பிறகு அந்தக் கசிவு பொருட்டே அல்ல. சக்கரத்தின் சுற்றைக் கம்பியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் கிராங்கில் மூன்று துளைகள் போட்டு, பலத்த காற்று மாதங்களில் நீண்ட வீச்சும் மற்ற மாதங்களில் குறுகிய வீச்சும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் கிணற்றின் அகலம். 5, 6 மீட்டர் அகலக் கிணற்றின் நடுவில் கோபுரத்தை நிறுத்த முடியாது. கரையில் நிறுத்தி, கிராங்கிலிருந்து கீழே இறங்கும் கோபுரக் கம்பியின் இழுப்பை ஒரு நெம்புகோல் வழியாகக் கிணற்றுக்குள் கொண்டுபோக வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நெம்புகோலின் அச்சை நடுவில் வைத்தால், பம்பு மேலே வர கோபுரக் கம்பி கீழே தள்ள வேண்டிவரும். பத்து மீட்டர் நீளக் கம்பி தள்ளினால் வளையும், சில நாளில் கம்பிகளை இணைக்கும் கப்ளிங்கில் முறியும். அச்சு கரைப்பக்கக் கோடியில் இருக்க வேண்டும். அடுத்து கோபுரக் கம்பி, மறுகோடியில் கிணற்றின் மேல் பம்புக் கம்பி. அப்போது இரண்டும் சேர்ந்தே மேலே இழுக்கும். அச்சிலிருந்து கோபுரக் கம்பிக்கு 2 மீட்டர், பம்புக்கு 3 மீட்டர் என்றால் வீச்சு ஒன்றரை மடங்காகும், கோபுரக் கம்பியின் மேல் பாரமும் ஒன்றரை மடங்காகும். ஆகவே கிராங்கின் முழு வீச்சு 80 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிஸ்டன் சிலிண்டரின் முனையில் மோதும். பயிற்சியில் இந்த ஒன்றுக்கே முழுதாக ஒரு நாள் ஒதுக்கினாலும் தகும்.

தண்ணீர் வெளியேறும் குழாயில் கேட் வால்வு போடவே கூடாது. யாராவது மூடிவிட்டால் காற்று நிற்காது, குழாயோ கம்பியோதான் உடையும். வெளிவாயைத் தொட்டியைவிட உயரமாக வைத்துத் தானாக வழிய விடுங்கள்.

இடம் பார்ப்பதும் பாடத்தில் சேர வேண்டும். தென்னந்தோப்புக்குள் 9 மீட்டர் கோபுரம் வீண். சக்கரத்தின் கீழ்விளிம்பு, சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் மரங்களைவிட 3 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். வளர்ந்த தோப்பில் அது நடவாது. நிலக்கடலைக் காடு, இளந்தோப்பு, மேட்டு நிலம் என்றால் 12 மீட்டர் கோபுரம் போதும். நீண்ட மூங்கில் நுனியில் துணி நாடா கட்டிப் பாருங்கள். நாடா ஒரே திசையில் நீண்டு நின்றால் இடம் நல்லது. சுழன்று சுழன்று அடித்தால் வேறு இடம் தேடுங்கள். மின்கம்பி, வீடு, பாதை எதுவும் கோபுர உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் வரக் கூடாது.

சிக்கனம் என்று கோபுரத்தில் கைவைக்காதீர்கள். நான்கு கால்களுக்கு 50 × 50 × 6 மில்லிமீட்டர் ஆங்கிள், குறுக்குச் சட்டங்களுக்கு 35 × 35 × 5 என மொத்தம் சுமார் 400 கிலோ இரும்பு பிடிக்கும். செலவின் பெரும்பங்கு அதுதான். காற்று மிஞ்சும்போது சக்கரம் தானாக ஒதுங்க, அதன் அச்சைக் கோபுர மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, சக்கரத்தைக் காற்றை நோக்கித் திருப்பும் வாலைக் கீலில் மாட்ட வேண்டும். வால் மடங்குவதைத் தரையிலேயே கயிறு கட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். துருப்பிடித்த கீல் ஆடிமாதக் காற்றில் சக்கரத்தையே பிய்த்துவிடும்.

ஒரு பயிற்சிக்கு 12 பேர் போதும். வெல்டர் இருவர், குழாய் வேலை தெரிந்தவர் இருவர் கட்டாயம் அதில் இருக்கட்டும். பெண்களையும் சேர்க்க வேண்டும். பகலில் கிணற்றடியில் இருப்பவர்கள் அவர்கள்தான், பம்பின் சத்தம் மாறினால் முதலில் கேட்பதும் அவர்கள்தான். பயிற்சி முடிந்ததற்கு அடையாளம் சான்றிதழாக இருக்க வேண்டாம். சிலிண்டரை மேலே எடுத்து, வாஷர் மாற்றி, திரும்ப இறக்கித் தண்ணீர் எடுக்க இருவரால் அரை நாளில் முடிகிறதா என்று பாருங்கள். ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலும், ஒரு மாதத்திலும் எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ், ஆண்டுக்கு ஒருமுறை வாஷர். மணல் ஏறும் கிணறானால் வாஷர் அதற்கு முன்பே போய்விடும்.

பஞ்சாயத்துகள் இதற்குப் பணம் ஒதுக்கும்போது கட்டும் செலவோடு ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். ஒரு செட் வாஷர், இரண்டு கப்ளிங், ஒரு ஜோடி பேரிங், சிலிண்டர் தூக்கும் கப்பியும் சங்கிலியும் ஒவ்வொரு வார்டிலும் பூட்டி வைக்கப்பட்டு, சாவி பயிற்சி பெற்றவரிடம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிணற்றுப் பாசன விவசாயிகளும் வெல்டிங் பட்டறைக்காரர்களும்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.