புரிந்துதான் படிக்கிறார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடகடவென்று வாசிக்கிற பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். என் மகள், கேள்வியில் இருந்த ‘ஏன்’ என்பதைக்கூடக் கவனிக்காமல், மற்ற சொற்கள் பத்தியில் எங்கே வருகின்றன என்று விரலால் தேடி, அந்த வரியை அப்படியே எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். சரி, புத்தகத்தை மூடிவிட்டு உன் வார்த்தையில் சொல் என்றேன். முழித்தாள்.

1988-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வாசிப்பில் பின்தங்கினாலும் பேஸ்பால் தெரிந்த மாணவர்கள், அந்த ஆட்டத்தைப் பற்றிய பத்தியை, நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகமாகவே புரிந்துகொண்டார்கள். ஆக, விஷயம் தெரிந்திருந்தால் வாசிப்பதும் நன்றாகப் புரிகிறது; அதனால் பயிற்சித்தாளைக் கூட்டாமல், பிள்ளைகளைப் பல விஷயங்களைப் பற்றிப் பேசவிடுங்கள். அப்புறம், கட்டுரையைச் சிவப்பு மையால் அடிப்பதோடு விடாமல், திருத்தி எழுத வகுப்பிலேயே நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்