உன் ரீலும் என் சுத்தியலும்

அன்பு மக்கா,

நீ எழுதியது கிடைத்தது. பழுது பார்க்கச் சொல்லி விட்டுப்போன உன் தூண்டில் ரீல் என்ன ஆச்சு என்று மூன்றாவது தடவையாகக் கேட்டிருக்கிறாய். முதல் இரண்டு தடவையும் "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அப்போது அது துண்டு துண்டாக எங்கள் வீட்டு இட்லித் தட்டில் கிடந்தது. இப்போது மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டது, சுற்றவும் செய்கிறது. நடுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் வந்ததும் ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றி நீயே கண்டுபிடிப்பாய். அதற்கு முன்னால் நானாகச் சொல்லிவிட்டால் திட்டு கொஞ்சம் குறையும்.

ஊரில் ஆனி முடியப் போகிறது. கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. போன ஞாயிறு முட்டம் கலங்கரை விளக்கம் வரை போய்விட்டு, பாறைப் பக்கம் இறங்காமலே திரும்பினேன். நாம் வழக்கமாக நிற்கிற பாறை அலைக்குள் போய்ப் போய் வருகிறது. குளச்சலிலும் தேங்காய்பட்டணத்திலும் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் ஜூலை 31 வரை கட்டிக் கிடக்கின்றன. சின்னமுட்டத்துக்காரர்களுக்கு ஏப்ரல் 15-ல் தொடங்கிய தடை ஜூன் 14-ஓடு முடிந்து, அவர்கள் தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாவட்டத்துக்குள் கிழக்குக் கடலுக்கு ஒரு கணக்கு, மேற்குக் கடலுக்கு ஒரு கணக்கு. வள்ளத்தில் வருகிற சாளையும் நெத்தோலியும்தான் எங்களுக்கு. நெய்மீன் விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறோம்.

சரி, ரீலுக்கு வருகிறேன்.

போன தடவை நீ விட்டுவிட்டுப் போனபோதே ஹேண்டிலைச் சுற்றினால் ஆட்டுக்கல்லில் மணல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் இருந்தது. மழை தொடங்கியதும் உட்கார்ந்து பிரித்தேன். கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே இட்லித் தட்டின் குழிகளில் போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு குழிக்கும் போனில் ஒரு படம். இந்த ஏற்பாட்டை யாருக்கும் சிபாரிசு செய்வேன். உன் தங்கச்சி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தட்டில் இனி இட்லி அவிக்க மாட்டேன் என்று சொல்லிப் புதுத் தட்டு வாங்க வைத்துவிட்டாள்.

உள்ளே இருந்த கிரீஸ் கறுத்துப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிக் கிண்ணத்தை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தேன். அடியில் கறுப்பாக ஒரு படிவு. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்து நகர்த்தினால் அந்தக் கறுப்பில் பாதி கூடவே நகர்கிறது. கியர் தேய்ந்த தூளோ என்று முதலில் பயந்துவிட்டேன். வெயிலில் காய வைத்துப் பார்த்தால் மணல்! கறுப்புக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகப் பொடிகள். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலைக்காரர்கள் பிரித்தெடுக்கிறார்களே, அதே இல்மனைட்டும் கார்னெட்டும். சின்னவிளைக் கரையில் மீன் கொத்தியதும் ராடை மணலில் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள். அதை நீ பேரிங்குக்குள் போட்டு இத்தனை வருஷம் அரைத்திருக்கிறாய்.

இனி என் பங்கு.

ஹேண்டில் பக்கத்துப் பேரிங் விரலால் தள்ளியதும் வந்துவிட்டது. ரீலில் பேரிங்கை யாரும் அடித்து இறுக்குவதில்லை. கையால் தள்ளினால் உட்கார வேண்டும், கையால் தள்ளினால் வர வேண்டும். வராவிட்டால், ஒன்று உப்பு பிடித்திருக்கும், இல்லையென்றால் வேறெதோ பிடித்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவதை நான் யோசிக்கவே இல்லை. முன்பக்கத்தில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தைத் தாங்குகிற பேரிங் அசையவில்லை என்றதும் பின்னாலிருந்து ஒரு இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தேன். பைய, பிறகு கொஞ்சம் பலமாக. அரை மணி நேரம் தட்டியிருப்பேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பேரிங்குக்கு மேலே காய்ந்த கிரீசுக்கு அடியில் முடி கனத்துக்கு ஒரு கம்பி வளையம். சர்க்ளிப்! அது பேரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊசியால் நெம்பி எடுத்தேன். அதிலும் கொஞ்சம் சூதானமாக, எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் பைக்குள் வைத்துக்கொண்டு. அந்தக் கிளிப் தெறித்தால் பிறகு கிடைக்காது. கிளிப் போனதும் பேரிங் தானாகக் கையில் விழுந்தது. சுற்றிப் பார்த்தேன், கட கட என்று படி இறங்குகிற மாதிரி சுற்றியது. நான் அடித்ததெல்லாம் உள்வளையத்தில். வெளிவளையத்தைக் கிளிப் விடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட குண்டுகள் தடத்தில் குழி போட்டுவிட்டன. அந்தப் பேரிங்கில் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை, மக்கா. நல்ல பேரிங்கை நான்தான் கொன்றேன். கோட்டாற்றில் லேத் பட்டறை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சுத்தியலை எடுக்கிறதுக்கு முன்னாலே டார்ச்சை எடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். அடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் வெளிவளையத்தில்தான் அடி விழ வேண்டும், உள்வளையத்தைத் தட்டி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக்கூடாது என்று பிறகு விளக்கினார்.

அடுத்தது ரீலின் பக்கவாட்டு மூடியான சைடு பிளேட்டில் இருந்த பேரிங். இதில் கிளிப் கிடையாது, டார்ச் அடித்து மூன்று தடவை பார்த்துவிட்டேன். நிஜமாகவே உப்பு பிடித்தது. பேரிங் உட்கார்ந்திருக்கிற குழியைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி மாதிரி. பேரிங் ஸ்டெயின்லெஸ், பிளேட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகிறது, பொடி இடத்தை அடைத்துக்கொண்டு பேரிங்கை இறுக்குகிறது. பேரிங்கும் துருப் பிடித்திருந்தது. ஸ்டெயின்லெஸ் எப்படித் துருப் பிடிக்கும் என்று நீ ஒருதரம் கடைக்காரனிடம் சண்டை போட்டாயே, அந்தக் கேள்விக்கும் பதில் அண்ணாச்சியிடம் இருந்தது. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, கார்பன் மிகக் குறைவு. பேரிங்குக்கு வேண்டியது கடினம். அதனால் 440சி என்கிற வகையில் ஒரு சதவீதம் அளவுக்குக் கார்பன் சேர்க்கிறார்கள். குரோமியத்தில் ஒரு பங்கைக் கார்பன் பிடித்துவைத்துக்கொள்வதால் துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. காந்தத்தில் குடம் ஒட்டாது, பேரிங் ஒட்டும். வேண்டுமானால் வைத்துப் பார்.

இந்தக் குழிக்குப் பின்பக்கம் ஓட்டை இல்லை. பின்னாலிருந்து தட்ட வழியே கிடையாது. டீசலும் கிரீசு எண்ணெயும் விட்டு இரண்டு நாள் ஊற வைத்தேன், அசையவில்லை. மச்சான் மகன் ஒரு யோசனை சொன்னான்: பிரிட்ஜில் வை மாமா, பேரிங் சுருங்கி விழுந்துவிடும். நானும் கேட்டுக்கொண்டு ஒரு ராத்திரி ஐஸ் பெட்டிக்குள் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் முன்பைவிட இறுக்கம். யோசித்தால் நியாயம்தான். சூட்டுக்கு விரிவதிலும் குளிருக்குச் சுருங்குவதிலும் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிர வைத்தால் வெளியே இருக்கிற அலுமினியம் அதிகமாகச் சுருங்கி உள்ளே இருக்கிற பேரிங்கைக் கவ்விக்கொள்ளும். இங்கே வேண்டியது சூடு. பித்தளைப் பினியன்மேல் பேரிங் பிடித்துக்கொண்டால்தான் பிரிட்ஜ் உதவும். அங்கே உள்ளே இருப்பது அதிகம் சுருங்குகிற உலோகம்.

பழைய போணி ஒன்றில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிளாஸ்டிக் வாஷர் எல்லாம் எடுத்த பிறகு பிளேட்டை அதில் பத்து நிமிஷம் போட்டேன். குழியின் குறுக்களவு 14 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் கூடும், தலைமுடி கனத்தில் பத்தில் இரண்டு பங்குகூடக் கிடையாது. ஆனால் உப்பின் பிடி விட அது போதும் என்கிறார் அண்ணாச்சி. (உன் ரீல் அலுமினிய உடம்பு என்பதால் பயப்படவில்லை. கிராபைட் கலந்த பிளாஸ்டிக் உடம்பாக இருந்தால் இவ்வளவு தைரியம் வந்திருக்காது.)

பிடி விட்டாலும் வெளியே வர வேண்டுமே. அப்போதுதான் அண்ணாச்சி அந்த வித்தையைச் சொன்னார், எனக்கு நம்பிக்கையே இல்லை. பேரிங்கின் நடுத் துளை 7 மில்லிமீட்டர். அந்தத் துளை வழியாகப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் ஏதாவது அடைக்க வேண்டும். பிறகு துளைக்குச் சரியாகப் பொருந்துகிற கம்பியை விட்டு மேலிருந்து தட்ட வேண்டும். அடைத்த சரக்குக்குப் போக இடமில்லாமல் பேரிங்கைப் பின்னாலிருந்து மேலே தள்ளும். ஒன்பதாம் வகுப்பில் பாஸ்கல் விதியைச் சொல்லத் தெரியாமல் நாம் இரண்டு பேரும் பெஞ்சின்மேல் ஏறி நின்றோமே, அதே விதி! நாற்பது வருஷம் கழித்து எனக்கு அது புரிந்தது சைடு பிளேட்டில்தான்.

கம்பிக்கு ஏழு எம்எம் டிரில் பிட்டின் வழவழப்பான வால் பக்கம் பொருத்தமாக இருந்தது. சரக்குக்கு முதலில் கிரீசைத் திணித்தேன். பேரிங்கின் மூடித் தகடு அரித்துப் போயிருந்ததால், தட்டியதும் குண்டுகளுக்கு நடுவே பீய்ச்சி என் சட்டையில் அடித்தது. உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து, "மரச்சீனிக் கிழங்கு மசித்தது இருக்கு, வேணுமா?" என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள், ஆனால் வழி சரி. கிழங்கு வீணாக வேண்டாம் என்று செய்தித்தாளை நனைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியால் திணித்தேன். தட்டு, மறுபடி திணி, மறுபடி தட்டு. பிளேட்டை மறுபடியும் ஒருதரம் சூடாக்கினேன். நாலாவது சுற்றில் பேரிங்கின் விளிம்பு ஒரு நகக்கண் அளவு எழும்பியது தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டே தட்டு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

தூண்டில் நரம்பு உருண்டு வருகிற லைன் ரோலரில் இருக்கிற குட்டிப் பேரிங் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறியதும் வந்துவிட்டது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நரம்பு சுமந்து வருகிற தண்ணீர் முழுக்க அதன்மேல்தான் விழுகிறது. மற்றதைப் பார்க்காவிட்டாலும் அதை மாதம் ஒருதரம் கழற்றி ஒரு சொட்டு எண்ணெய் விடு.

இன்னொன்று. நீ கடலிலிருந்து வந்ததும் குழாயை முழுக்கத் திறந்து ரீல்மேல் பீய்ச்சி அடிப்பாயே, அதை நிறுத்து. வெளியே இருக்கிற உப்பை அது உள்ளே தள்ளுகிறது. நரம்பு ஓடுவதைப் பிடித்து நிறுத்துகிற டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளியில் செடிக்கு ஊற்றுகிற மாதிரி நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடு. இந்தத் தடவை எல்லாக் குழிகளின் சுவரிலும் படகுக்குப் போடுகிற கிரீசை விரலால் மெல்லிசாகப் பூசித்தான் பேரிங்கை உட்கார வைத்திருக்கிறேன். அடுத்த தடவை எவன் பிரித்தாலும் விரலால் தள்ளினால் வந்துவிடும்.

இப்போது ரீலுக்குள் இருப்பது நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கிய பேரிங்குகள். ஸ்டெயின்லெஸ்தான் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் ஒன்றை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன், மறுநாள் காலையில் தண்ணீர் தேநீர் நிறம். மோட்டாருக்குப் போடுகிற சாதாரண இரும்பு. இழுத்துப் பார்க்க ஆகும், கடலுக்கு ஆகாது. அதனால் பஹ்ரைனில் உனக்குத் தெரிந்த மீன்பிடிச் சாமான் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டு வா. வெர்னியர் வைத்து உள் குறுக்களவு, வெளிக் குறுக்களவு, தடிமன் என்ற வரிசையில் மில்லிமீட்டரில் அளந்திருக்கிறேன், அப்படியே எழுதிக் கொள்: பினியனுக்கு 7, 17, 5, அதாவது பேரிங் எண் 697. சைடு பிளேட்டுக்கு 7, 14, 5, அது 687. லைன் ரோலருக்கு 4, 7, இரண்டரை, இதில் இரண்டாக வாங்கு. எல்லாம் ஸ்டெயின்லெஸ், எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கட்டும். 697-க்கு உண்டான காசு என் கணக்கு.

உன் அம்மாவைப் போன வாரம் பார்த்தேன். முழங்கால் வலி பரவாயில்லை. மாடியில் ஓடு ஒழுகுகிற இடத்தை ஆள் விட்டுச் சரி பண்ணியாச்சு, இதைப் பற்றி அவர்களிடம் கேட்டுச் சண்டை இழுக்காதே. தெற்குப் பக்கத்துத் தெங்கில் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது, மதிலுக்குச் சேதமில்லை.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். ஆகஸ்ட் பாதிக்குமேல் கடல் கொஞ்சம் அடங்கினால் மணக்குடிப் பொழிமுகத்தில் ஒரு விடியற்காலை நிற்கலாம். ராடை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ மணலில் வைப்பாய்.

உன்,
பெஞ்சின்மேல் பக்கத்தில் நின்றவன்