பெலிசாரியஸின் படகு ஆலைகள்

அன்புள்ள சுந்தரம்,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு நீ என்ன திட்டினாலும் தகும். இங்கே எல்லோரும் நலம். வாசுகிக்குக் கேட்ட ஊருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. மூர்த்தி அதே மூர்த்திதான், விளக்கம் வேண்டாம்.

பொ.ஆ. 536-இல் சூரியன் மங்கிக் கிடந்தது, பயிர் பொய்த்தது என்று நாலு பக்கம் எழுதியிருந்தாய். ரசித்துப் படித்தேன். ஆனால் அடுத்த ஆண்டை "537: ஹேகியா சோபியா திறப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கட்டடத்தைக் கண்டால் உனக்கு வேறெதுவும் கண்ணில் படாது! அந்த டிசம்பர் 27-இல் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்டான்டினோபிளில் தன் புதுத் தேவாலயமான அந்த ஹேகியா சோபியாவுக்குள் நுழைந்தபோது, அவருடைய தளபதி பெலிசாரியஸ் ரோமில், இத்தாலியை ஆண்டுவந்த ஜெர்மானிய இனத்தவரான கோத்தியரின் முற்றுகைக்குள் அகப்பட்டு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கணக்கைப் பார். ரோமைச் சுற்றிய ஆரேலியன் மதில் சுமார் 19 கி.மீ. உள்ளே இருந்த படை ஏறக்குறைய 5,000 பேர். அப்படியானால் ஆளுக்கு நாலு மீட்டர் மதில், தூங்கப் போனால் மாற்றாள் கிடையாது. வாயிற்காவலர்கள் விலைபோய்விடக்கூடாது என்று பெலிசாரியஸ் மாதம் இருமுறை பூட்டுச் சாவிகளை அழித்து வேறு வடிவில் செய்யவைத்தார்; காவலர்களையும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். கோத்தியருக்குக் கதவு திறக்கப் பார்த்தார் என்று போப் சில்வேரியஸையே பதவியிறக்கி நாடுகடத்திவிட்டார்.

கோத்திய அரசன் விட்டிகஸ் முதலில் கைவைத்தது தண்ணீரில். ஊருக்குள் வந்த தொட்டிப்பாலங்கள் அத்தனையையும் வெட்டிவிட்டான். 14 என்கிறார் பெலிசாரியஸின் கூடவே இருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ். பெலிசாரியஸும் வாய்க்கால்களின் உள்முனைகளைக் கல்வைத்து அடைத்தார். முந்தைய ஆண்டு அவர் ஆட்களே வறண்ட வாய்க்கால் வழியாகத்தான் நேப்பிள்ஸுக்குள் புகுந்தார்கள், அந்த வித்தை அவருக்குத் தெரியாதா! குடிக்க ஆறும் கிணறும் இருந்தன. குளியல்கூடங்கள் மூடின, அதுகூடப் போகட்டும். மாவுதான் பெரிய இடி. ஜானிக்குலம் குன்றுச் சரிவில் இருந்த ஆலைகள் டிராஜன் வாய்க்கால் தண்ணீரில் ஓடியவை. மாடு, குதிரை பூட்டி அரைக்கத் தீவனம் இல்லை. தானியம் இருந்தும் ரொட்டி இல்லை.

அப்போது அவர் செய்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று துடித்தேன். பாலத்துக்குக் கீழே, ஊருக்குள் ஓடும் டைபர் ஆற்றின் இரு கரைக்கும் வடம் இழுத்து விறைப்பாகக் கட்டினார். அதில் இரண்டு படகுகளை இரண்டடி இடைவெளியில் பக்கம்பக்கமாகப் பிணைத்தார். எந்த இடத்தில்? பால வளைவுக்கடியில் ஆறு நெருங்கி, வேகம் பிடித்து வெளியே பாய்கிற இடத்தில். படகுகளில் அரைகற்கள், நடு இடைவெளியில் நீர்ச்சக்கரம். அதற்குக் கீழே இன்னொரு ஜோடி, அதற்கும் கீழே இன்னொன்று. கரையில் கட்டிய ஆலை என்றால் ஆறு ஏறினால் சக்கரம் மூழ்கும், இறங்கினால் அந்தரத்தில் நிற்கும். இங்கே படகோடு சக்கரமும் ஏறி இறங்குவதால் துடுப்புப் பலகை எப்போதும் ஒரே ஆழத்தில்தான் இருக்கும்.

ஓடிப்போனவர்கள் மூலம் கோத்தியருக்குச் சேதி எட்டியது. பெரிய மரங்களையும், புதிதாக வெட்டுண்ட ரோமானியர் பிணங்களையும் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். அவை படகுகளுக்கிடையில் வந்து மோதிச் சக்கரங்கள் உடைந்தன. பசித்த ஊரின் மாவுச் சக்கரத்தில் அந்த ஊர்க்காரனின் உடலே வந்து சிக்குவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை, சுந்தரம். பாலத்துக்கு மேற்புறம் ஆற்றின் அகலத்துக்கும் நீண்ட இரும்புச் சங்கிலிகளைக் கட்டினார் பெலிசாரியஸ். வந்ததெல்லாம் அங்கேயே தட்டி நின்றது; ஆட்கள் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். இரவில் எதிரி படகேறி ஊருக்குள் வரவும் முடியாது. உண்மையில் அந்தப் பயம்தான் அவருக்குப் பெரிது.

உன் ஹேகியா சோபியாவின் முதல் குவிமாடம் 558-இல் இடிந்து விழுந்தது. டைபரில் படகு ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டு வரை ஓடின. இனியாவது 537-க்கு ஒரு பக்கம் ஒதுக்கு.

ஒரு வேலை தருகிறேன். பாலத்தூண்கள் ஆற்றகலத்தில் மூன்றிலொரு பங்கை அடைத்தால் வளைவுக்குள் ஓட்டவேகம் எவ்வளவு கூடும், இரண்டடி அகலச் சக்கரத்துக்கு அதில் எவ்வளவு சக்தி கிடைக்கும்? இத்தனை வருஷம் மதகும் அணையும் பார்த்தவன் நீ, கணக்குப் போட்டு அனுப்பு. படமும் வரைந்து அனுப்பு, உன் கையெழுத்து எனக்குப் புரியாது.

அன்புடன்,
ராகவன்