விண்டோஸுக்கும் கொடுங்கள் என்று கேட்கும் வாசகர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் இலவச மென்பொருள் எதையேனும் பரிந்துரைத்துக் குறிப்பு வெளியாகும்போதெல்லாம், பின்னர் வரும் வாசகர் கடிதங்களில் ஒரு மனக்குறை தவறாமல் இடம்பெறுவதைப் பார்க்கிறேன். மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடுகிறது, விண்டோஸுக்கும் மேக்குக்கும் சேர்த்துக் கொடுப்பதில் இவர்களுக்கு என்ன வலிக்கிறது என்பதே அந்தக் குறை. லினக்ஸில் எழுதிய சிறிய ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றை, மூல நிரலை யாரும் எடுத்து மாற்றவும் பகிரவும் இடமளிக்கும் திறமூல உரிமத்தில் வெளியிட்டு, ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறவன் நான். எங்கே வலிக்கிறது என்று கேட்டதால் சொல்கிறேன். தன்னால் சோதித்துப் பார்க்க இயலாத இயங்குதளத்துக்கு மென்பொருளைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் நிரலர், பெரும்பாலும் பயனரின் கோப்புகளைக் காப்பாற்றவே அப்படிச் செய்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகத் தருகிறேன். என் மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் அது தொடங்கிய நேரத்தையே பெயராக இடும். பத்தரை மணிக்குத் தொடங்கிய பதிவு ‘பதிவு 10:30’ என்ற பெயரோடு, ஒலிக்கோப்புக்குரிய பின்னொட்டும் சேர்ந்து வட்டில் ஏறும். லினக்ஸில் கோப்பின் பெயருக்குள் சாய்கோட்டைத் தவிர ஏறக்குறைய எந்தக் குறியும் வரலாம் என்பதால் முக்காற்புள்ளியால் (:) தொல்லை ஏதும் இல்லை. ஆர்வமுள்ள ஒருவர் இதே மூல நிரலை விண்டோஸில் ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுத்துப் பார்த்தார். சாளரம் திறந்தது, பொத்தான்கள் வேலை செய்தன, பதிவும் ஓடியது. அடுத்து வந்த செய்தி, பதிவுகள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன என்பது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில்) முக்காற்புள்ளிக்குத் தனிப் பொருள் உண்டு. அதற்கு முன்னால் இருப்பது கோப்பின் பெயர். பின்னால் இருப்பது அந்தக் கோப்போடு மறைவாக ஒட்டிக்கொண்டிருக்கும் ‘மாற்றுத் தரவோடை’ என்ற கூடுதல் தரவுப் பகுதி ஒன்றின் பெயர். ஆகவே ‘பதிவு 10’ என்று பூச்சியம் பைட் அளவுள்ள கோப்பு ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. பேசிய பேச்சு முழுவதும் அதன் பின்னே இருந்த ஓடைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. எழுதும் வேலை செவ்வனே முடிந்தது என்று விண்டோஸ் பதில் சொல்லிவிட்டதால், மென்பொருள் எந்தப் பிழைச் செய்தியையும் காட்டவில்லை. அந்தக் கோப்பை மின்னஞ்சலில் இணைத்தாலோ, எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு கோப்பு முறைமையில் வடிவமைத்த பென்டிரைவுக்கு மாற்றினாலோ ஓடை உடன் வராது; வெறுங்கோப்புதானே என்று எண்ணி அழித்துவிட்டால் பதிவு போனது போனதுதான்.

ஓடவே மறுக்கும் மென்பொருளால் ஒருவருக்கு ஏமாற்றம் மட்டுமே மிஞ்சும். நன்றாக ஓடுவதாகக் காட்டிக்கொண்டே சத்தமில்லாமல் தரவைத் தொலைக்கும் மென்பொருளை, இலவசமாகக் கொடுத்தேன் என்பதற்காக யாரும் மன்னிக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வேறுபாடுகள் இன்னும் பல. ‘கான்’, ‘ஆக்ஸ்’, ‘நல்’ என்று, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்திலிருந்தே சாதனங்களுக்கென ஒதுக்கப்பட்ட பெயர்கள் விண்டோஸில் இருக்கின்றன. கோப்பு இருக்கும் முழுப் பாதையின் நீளம் இயல்பான அமைப்பில் 260 எழுத்துகளோடு நிற்கிறது. வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பின் மீது புதிய கோப்பை மாற்றி வைக்க லினக்ஸ் தடை சொல்லாது. விண்டோஸ் பெரும்பாலும் மறுத்துவிடும். அந்த வேறொரு நிரல் பல நேரங்களில் நச்சுநிரல் தடுப்பானாகவே இருக்கும் என்பதால், இந்த வழு (நிரல் பிழை) ஒருவர் கணினியில் வரும், அடுத்தவர் கணினியில் வராது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை தமிழர்களுக்கென்றே ஒரு சோதனையை வைத்திருந்தது. ‘கொடி’ என்று பெயரிட்ட கோப்பில், ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாக எழுதிச் சேமித்தாலும், அது கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தே வைத்துக்கொள்ளும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டு வந்து அதே பெயரைத் தட்டச்சு செய்து தேடினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும்.

நிரல் சரியாக அமைந்துவிட்டாலும் அதைப் பயனரின் கையில் சேர்ப்பது தனிப் பாடு. மேக்கின் உரிமப்படி அந்த இயங்குதளத்தை ஆப்பிள் கணினியில்தான் இயக்கலாம். ஆகவே சோதிப்பதற்கென்றே அந்தக் கணினி ஒன்று வேண்டும். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, ஆப்பிளின் கடைக்கு வெளியே வழங்கும் மென்பொருளையும் ஆப்பிளுக்கு அனுப்பிச் சான்று பெற வேண்டியிருக்கிறது. அதற்கான உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். விண்டோஸில், வெளியிட்டவர் யார் என்று உறுதிப்படுத்தும் மின்கையொப்பம் இல்லாத நிறுவியைத் திறந்தால் எச்சரிக்கைப் பெட்டி எழுந்து நிற்கும். அதைக் கண்டதும் நச்சுநிரல் என்று முடிவு கட்டி, நமக்கே வசைக் கடிதம் எழுதுகிறவர்களும் உண்டு. கையொப்பச் சான்றிதழை விலை கொடுத்து வாங்கலாம்தான், ஆனால் 2023 ஜூன் முதல் கையொப்பமிடப் பயன்படும் அதன் தனிச் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. பொருளை இலவசமாகக் கொடுப்பவர், கொடுக்கும் உரிமைக்காக ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருப்பது விந்தைதான்.

தானியங்கிச் சேவையகங்கள் இருக்கின்றனவே என்று விவரம் அறிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். பொதுவில் திறந்திருக்கும் மூல நிரல்களுக்கு, நிரலர்கள் நிரலைப் பகிரும் கிட்ஹப் தளம் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் தொகுத்துச் சோதிக்கும் வசதியைக் கட்டணமின்றித் தருகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தச் சேவையகத்தில் ஒலிவாங்கி இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை. நான் எழுதி வைத்த சோதனைகளை மட்டுமே அது ஓட்டிப் பார்க்கும். எனக்குத் தோன்றாத சோதனையை அது செய்யாது. முக்காற்புள்ளிச் சிக்கலை வெளிக்கொணர்ந்தவர், தன் பதிவைத் திரும்பக் கேட்க முயன்ற ஒரு மனிதர்தான்.

பெரிய திட்டங்களும் இதே வழியில் முட்டி மோதித்தான் வந்திருக்கின்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுதளம் 1996 முதல் அந்தப் பெயரில் வழங்கினாலும், விண்டோஸில் நேரடியாக இயங்கியது 2005 ஜனவரியில் வெளியான 8.0 பதிப்பிலிருந்துதான். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே இயக்க 2009-இல் தோன்றிய நோட் ஜேஎஸ், 2011-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கைகொடுத்த பிறகு விண்டோஸுக்கு முறையாக வந்தது. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பைத் தனித் திட்டமாகத் தனிக் குழு ஒன்று கவனிக்கிறது. இவையெல்லாம் வசதியும் ஆள்பலமும் உள்ள திட்டங்கள்.

பைத்தான் மொழியின் குழு கடைப்பிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. இயங்குதளங்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் அடுக்கில் உள்ள தளத்தில் சோதனை தோற்றால் வெளியீடே நின்றுவிடும். இரண்டாம் அடுக்கில் ஒரு தளம் இடம்பெற வேண்டுமானால் மையக் குழுவைச் சேர்ந்த இருவராவது அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். மூன்றாம் அடுக்குக்கும் ஒருவராவது வேண்டும். ஆள் இல்லையென்றால் ஆதரவு இல்லை. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைவிட, அடுத்த பதிப்பு உடையும்போது யார் வந்து உட்கார்ந்து சரி செய்வார்கள் என்பதையே அங்கே கணக்கில் எடுக்கிறார்கள். சிறு மென்பொருள்களுக்குத்தான் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகப் பொருந்தும். விண்டோஸுக்கான திருத்தங்களைச் செய்து அனுப்புகிறவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு நான் நன்றியுடையவன். ஆனால் ஒருமுறை அனுப்பிவிட்டு அவர்கள் தம் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஓர் ஆண்டு கழித்து ஒலி நூலகம் மாறி அந்தப் பகுதி உடைந்தால், தன்னிடம் இல்லாத கணினியில், தான் எழுதாத நிரலில் உள்ள வழுவைத் தேட வேண்டியவராக மூல ஆசிரியர் நிற்கிறார். திருத்தத்தை ஏற்காமல் தயங்கும் நிரலரைக் கர்வம் பிடித்தவர் என்று ஏசுவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸில்தான் ஓடுகின்றன. அவற்றின் பயனர்களுக்குச் சேராத மென்பொருளின் பயன் சுருங்கித்தான் போகும். நாம் கொடுக்காமல் விட்ட இடத்தில் வேறு யாராவது வந்து கொடுப்பார்கள் என்ற ஆபத்தும் இருக்கிறது. திறமூல உரிமம் அதற்கு இடமளிக்கிறது, ஆனால் கொடுப்பவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடு கொடுப்பதில்லை. 2015 மே மாதத்தில், விண்டோஸுக்கான கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் பழைய பதிவிறக்கப் பக்கத்தை, மென்பொருள் பதிவிறக்கத் தளமான சோர்ஸ்ஃபோர்ஜ் தன் வசம் எடுத்துக்கொண்டு, விளம்பர நிரல்களைச் சேர்த்த நிறுவியை வழங்கியதும், கிம்ப் குழு அதை வெளிப்படையாகக் கண்டித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம்.

ஆகவே, மற்ற இயங்குதளம் தயாராகும்வரை வெளியீட்டையே தள்ளிப்போட வேண்டும் என்று நான் கருதவில்லை. அப்படிக் காத்திருந்தால் பல நல்ல மென்பொருள்கள் ஒருபோதும் வெளிவந்திரா. எந்தத் தளத்தில் சோதிக்கப்பட்டது, எதில் தொகுக்க மட்டுமே முடிந்தது, எதில் யாரும் தொட்டே பார்க்கவில்லை என்பதை நிரலர் முதல் பக்கத்திலேயே, பதிவிறக்கப் பொத்தானுக்கு மேலேயே எழுதிவிட வேண்டும். திறமூல உரிமங்களில் ஒன்றான ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 15, 16 ஆம் பிரிவுகள் உத்தரவாதமும் பொறுப்பும் இல்லை என்று சொல்வது சட்டத்துக்குப் போதும். பதிவைத் தொலைத்தவரிடம் அந்தப் பிரிவுகளைப் படித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. என் மென்பொருளின் விண்டோஸ் தொகுப்பு, முக்காற்புள்ளி நீக்கப்பட்ட பின்னும், சோதனைப் பதிப்பு என்ற குறிப்போடு தனிப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றாடம் விண்டோஸைப் பயன்படுத்தும் ஒருவர், ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் ஒரு மணி நேரம் பதிவு செய்து, நகலெடுத்து, திரும்பக் கேட்டுப் பார்த்துச் சொல்ல முன்வந்தால், அதை முதன்மைப் பக்கத்துக்குக் கொண்டு வருவதில் எனக்குத் தடையில்லை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோப்பு எந்தப் பெயரில் சேமிக்கப்பட்டது, இயங்குதளத்தின் பதிப்பு என்ன, திரையில் வந்த செய்தி என்ன என்பவற்றை உள்ளபடி எழுதினால் போதும். ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய இயலாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கும் குறிப்புகளில், தங்கள் எழுத்தாளர் அதை எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தார் என்பதையும், விண்டோஸ் நிறுவி மூல ஆசிரியர்கள் தந்ததா, பிறர் தொகுத்ததா என்பதையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள். பதிவிறக்க முகவரியாகத் திட்டத்தின் சொந்தத் தளத்தை மட்டும் தாருங்கள். தேடுபொறியில் முதலில் வரும் பதிவிறக்கத் தளங்களைத் தர வேண்டாம்.

இப்படிக்கு,
திறமூல நிரலர் ஒருவர்