தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலைப் போட்டிகளில் காலையில் அரையிறுதியும் பின்னேரம் இறுதியுமாக ஒரே நாளில் முடிப்பது வன்னியில் வழமை. காலையில் பந்தைத் தலையால் அடிக்க எழும்பி இன்னொரு பிள்ளையின் தலையோடு மோதியவனுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து, நெற்றியில் தைலம் பூசி, பின்னேரம் திரும்பவும் இறக்குகிறார்கள். “மயங்கேல்லத்தானே” என்பார்கள். மூளையதிர்ச்சி, அதாவது மூளை குலுங்கி அதன் வேலை தடுமாறுவது, வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. வழமையான ஸ்கேனிலும் அது தெரியாது. தலையில் நேரே அடி விழவேண்டும் என்றுகூட இல்லை. கபடியில் பிடித்து விழுத்தும்போது கழுத்து பலமாக உதறினாலே போதும்.

விழுந்த பிள்ளை எழும்பப் பிந்துகிறதா, தள்ளாடுகிறதா, வெறித்துப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பிறகு கேளுங்கள்: இது எந்த மைதானம்? முதற்பாதியா, இரண்டாம் பாதியா? கடைசிக் கோல் யார் அடித்தது? ஒன்றில் தடுமாறினாலும் வெளியே. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லியும் தலையிடி, குமட்டல், வெளிச்சம் கூசுதல் இருந்தால் அப்போதும் வெளியேதான். அறிகுறிகள் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம். ஆகவே பிள்ளையைத் தனியே பஸ்ஸில் அனுப்பாமல் பெற்றாரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, கைகால் விறைப்பு, இரட்டைப் பார்வை, எழுப்பக் கடினமான நித்திரை, இவற்றில் எது வந்தாலும் உடனே 1990 அம்புலன்ஸ். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குத் தூரம் அதிகம், பொறுத்துப் பார்க்க நேரமில்லை. கழுத்து நொந்தால் தூக்கி நிறுத்தவோ, கிரிக்கெட் ஆடும்போதென்றால் ஹெல்மெட்டைக் கழற்றவோ வேண்டாம். நோவுக்கு வயதுக்கேற்ற அளவில் பனடோல் போதும். அஸ்பிரின், இபுபுரோபன் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போனும் குறைவு, மெல்ல நடக்கலாம். முதலில் வகுப்புக்குத் திரும்பவேண்டும். பிறகு மெல்லோட்டம், அடுத்து தனியே பந்துப் பயிற்சி, அறிகுறி முழுதும் நீங்கி வைத்தியர் சம்மதித்தபின் மோதலுள்ள பயிற்சி, கடைசியில்தான் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம். அறிகுறி கூடினால் ஒரு படி கீழே. பிள்ளைகளுக்கு இது நான்கு கிழமைவரை இழுக்கலாம். ஆறாத மூளையில் இன்னோர் அடி பட்டால், அரிதாகவேனும், மூளை வீங்கி உயிரே போகலாம்.

ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. ஒரே ஹெல்மெட்டை வருடக்கணக்காகக் கைமாற்றுவதும் ஆபத்து. பலமான அடி வாங்கியதைக் கழித்துவிட வேண்டும்.

பதினொரு பேரைச் சேர்ப்பதே பாடாயிருக்கும் சிறிய பாடசாலைகளின் பொறுப்பாசிரியர்கள் அடிபட்டவனைத் திரும்ப இறக்குவதன் காரணம் எமக்கு விளங்குகிறது. சர்வதேசக் கிரிக்கெட்டில் 2019 முதல் மூளையதிர்ச்சி வந்தவருக்கென மாற்றுவீரர் உண்டு. 2024 முதல் உதைபந்தாட்ட விதிகளும் மேலதிக மாற்றுக்கு இடமளிக்கின்றன. அந்த மாற்றை வலயப் போட்டி விதிகளிலும் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் வெளியேற்றும் அதிகாரத்தைப் பயிற்றுநரிடம் விடாமல் நடுவரிடமும் முதலுதவியாளரிடமும் கொடுங்கள். அடுத்த தவணைப் போட்டிகளுக்கு முன்னர் வலயக் கல்விப் பணிமனைகள் இதைச் செய்யவேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி