இளைஞர் கதைக்களம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு வழக்கமான பேச்சுப் போட்டியை நடத்தவில்லை. ‘மத நல்லிணக்கம்’ என்று தலைப்புக் கொடுத்தால் மேடையேறுகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே பேச்சை ஒப்பிக்கிறார்கள். கேடயத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனதும் செல்போனில் வந்த அவதூறை அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால் பரிசுத் தொகையை, பிள்ளைகள் கதை சொல்லவும் நாடகம் போடவுமான கதைக்களத்துக்குத் திருப்பினோம். பெற்றோர் சிலருக்கு வருத்தம்தான். சரி, போகட்டும்.

வெறுப்புப் பேச்சுக்கு எதிரான நாளாக ஐ.நா. சபை 2022 முதல் கடைப்பிடித்து வரும் ஜூன் 18 அன்று முதல் கூட்டம் கூடியது. ஒரே ஒரு விதி வைத்தோம்: தனக்கு நடந்ததைச் சொல்லலாம், நடந்தவரிடம் நேரில் கேட்டதைச் சொல்லலாம், வேறு எதுவும் கூடாது. காரணமும் சொன்னோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வதந்தி பரவியபோது, போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காகவே அடித்துக் கொல்லப்பட்டார். நாடெங்கும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. “அஞ்சே போதுமே சார்” என்றான் ஒரு பையன். அவன் சொன்னது நியாயம்.

சேலம் சூரமங்கலத்துப் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, தன் தெருவில் கட்டட வேலை செய்யும் பீகார் இளைஞரிடம் பேசிக் கதை கொண்டுவந்தாள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் சுற்றின. அவை பொய் என்று நம் காவல்துறை சொன்னது. ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? தினமும் ராத்திரி வீடியோ காலில் அழுவாராம். மகன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டுவாராம், அப்புறம் தட்டைக் காட்டிச் சாப்பிட்டும் காட்டுவாராம். சாம்பார் பிடிக்காது, ஆனாலும் அம்மாவுக்காக இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்வாராம். அரங்கம் சிரித்தது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞரும் சிரித்தார். நாம் எத்தனை தீர்மானம் போட்டாலும் இது நடந்திருக்காது என்பது என் கருத்து.

ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் ஒரு சந்தில் பையன்கள் கூத்துப் போட்டார்கள். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனுக்கு ராஜாவையே கிண்டல் செய்ய உரிமை உண்டு, அதைப் பிடித்துக்கொண்டார்கள். அரண்மனைக் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று கட்டியங்காரன் செல்போனோடு ஓடி வருகிறான். யார் சொன்னது என்று ராஜா கேட்கிறார். மந்திரி. மந்திரிக்கு? சேனாபதி. சேனாபதிக்கு? “நீங்கதான் மகாராஜா, நேத்து ராத்திரி ஃபார்வர்டு பண்ணீங்க!” அடவு சொல்லிக்கொடுத்த மூத்த கூத்துக் கலைஞருக்கு மன்றத்தின் நன்றி. திருவிழா நேரத்தில் இது தேவையா என்று கேட்ட உறுப்பினர்களின் கருத்தும் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

ஏற்காட்டு முகாமுக்கு மழையால் பாதிப் பேர்தான் வந்தார்கள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும் மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போன தங்கள் பூர்வீகக் கதையை மலைக் கிராமத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி சொன்னாள். அதோடு, விடுதியில் தன்னைக் ‘காட்டுவாசி’ என்றவர்களைப் பற்றியும் பெயர் சொல்லாமல் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்த டவுன் பிள்ளைகளில் இரண்டு பேர் தலை நிமிரவில்லை.

சாதி பற்றிய நாடகம் மட்டும் இன்னும் அரங்கேறவில்லை. கதையைக் கேட்டதும், பேசி வைத்திருந்த மண்டபத்தார் தேதி இல்லை என்றார்கள். பிள்ளைகள் ஒத்திகையை நிறுத்தவில்லை. பெரிய மொட்டை மாடி உள்ள உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.