சாஸ்கட்டூன் கொல்லைக்கு வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். சாஸ்கட்டூனில் நீ வாங்கிய புது வீட்டுப் பின்பக்கத்துப் போட்டோக்களைப் பார்த்தோம். இடம் தாராளமாக இருக்கிறது. உங்கம்மா மல்லிப் பந்தல் எந்த மூலையில் போடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

நீ கேட்ட விதைப் பட்டியலும் வந்தது. இலவம்பாடி முள்ளுக் கத்தரி, அவரை, கொத்தவரை, முருங்கை, ஒரு கறிவேப்பிலைக் கன்று. கேட்டு நான் தராமல் இருந்திருக்கிறேனா? ஆனால் இதை அனுப்பப்போவதில்லை. விதைக்கும் கன்றுக்கும் கனடாவில் தாவரச் சுகாதார விதிகள் இருக்கின்றன, நினைத்தபடி தபாலில் போட முடியாது. அது போகட்டும், அனுப்பினாலும் பாதிக்கு மேல் அந்த மண்ணில் பிழைக்காது. நம் வேலூர் ஜில்லாவிலேயே பார். நம் ஊர் அணைக்கட்டில் கத்தரி போடுகிறோம், ஜவ்வாது மலை ஏறினால் சாமை போடுகிறார்கள். மலைக்கும் கழனிக்குமே இவ்வளவு வித்தியாசம் என்றால், மைனஸ் 40 வரை இறங்கக்கூடிய ஊருக்கு எவ்வளவு இருக்கும்?

நாங்கள் அங்கே வந்திருந்த கோடையில் உன் பழைய அபார்ட்மென்ட்டுக்கு எதிரில் ஒரு உக்ரேனியப் பாட்டி தோட்டம் வைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? நான் தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேசுகிற இங்கிலீஷ் பாதிதான் புரியும். இருந்தாலும் கற்றுக்கொண்டேன். வருஷக்கணக்கில் நிற்கிற மரம் செடி என்றால் அது குளிர்காலத்தைத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும். ஒரே பருவத்தில் முடிகிற காய்கறி என்றால் கோடை முடிவதற்குள் காய்க்குமா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

முதலில் மரம். நர்சரியில் ஒவ்வொரு செடியிலும் தொங்குகிற அட்டையில் ஜோன் என்று ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறையக் குளிர் தாங்கும் சக்தி அதிகம். அமெரிக்க வேளாண் துறைக் கணக்கில் 3 என்றால் மைனஸ் 34 முதல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிற இடம். கனடாக்காரர்கள் மழை, காற்று, பனியின் ஆழம் எல்லாம் சேர்த்துத் தனி வரைபடம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் நீ 3 அல்லது 2 போட்டதை மட்டும் வாங்கு. பெரிய கடைகளில் 5 போட்ட செடியும் பக்கத்திலேயே பூத்துக் குலுங்கும். மே மாதத்தில் எல்லாச் செடியும் அழகாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதே.

பழம் வேண்டுமானால் வெளியே தேடவே வேண்டாம். உன் ஊர் சஸ்காட்சவான் பல்கலைக்கழகமே புதர் மாதிரி வளரும் புளிப்புச் செர்ரி வகைகளை உருவாக்கியிருக்கிறது. கார்மைன் ஜூவல் 1999இல் வந்தது. ரோமியோ, ஜூலியட் என்று பெயர் வைத்த ரகங்கள் 2004இல். பெயரைப் பார்த்து உங்கம்மா சிரித்தாள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், ஒற்றைச் செடியே காய்க்கும். ஹாஸ்காப் என்ற நீலப் பழமும் அங்கே ஆராய்ச்சி செய்ததுதான். அதன் பூ மைனஸ் 7 டிகிரியில்கூடக் கருகாது என்கிறார்கள். ஆனால் ஹாஸ்காப் ஒன்றை மட்டும் வாங்காதே. ஒரே சமயத்தில் பூக்கிற வேறு ரகம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் காய் பிடிக்கும். கடைக்காரரிடம் ஜோடி கேட்டு வாங்கு.

அங்கத்து மரங்கள் ஆவணி மாதத்திலேயே பகல் குறுகுவதைக் கண்டு தூங்கத் தயாராகிவிடும். அதனால் ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடாதே. போட்டால் புதுத் துளிர் விடும், அது முற்றுவதற்குள் குளிர் வந்து கருக்கிவிடும். இலை கொட்டிய பிறகு, நிலம் உறைவதற்கு முன்னால் ஒரு முறை வேர் நனைய நன்றாகத் தண்ணீர் விடு. பாத்தியின் மேல் விழுகிற பனியை வாரி எறியாதே, வேருக்கு அதுதான் கம்பளி. நடைபாதையில் உப்புத் தூவிய பனியை மட்டும் அந்தப் பக்கம் தள்ள வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். அப்புறம் முயல். குளிர்காலத்தில் இளமரத்தின் பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டால் மரம் போச்சு. அடிமரத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டு, பனி ஏறும் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கட்டு.

இப்போது அவரை. நீ ரொம்ப ஆசையாகக் கேட்டது அதைத்தான் என்று தெரியும். நாம் ஆடியில் விதைத்துக் கார்த்திகை, மார்கழியில் பறிக்கிறோம். நம் ஊர்க் கொடி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். வேலூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. உன் ஊரில் ஜூன் மாதம் 16 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம், ராத்திரி ஒன்பதரைக்கும் வெயில் அடித்ததை நானே பார்த்தேனே. அங்கே அவரை விதைத்தால் கொடி கூரை வரை ஏறும், இலையாகத் தள்ளும், பூ மட்டும் வைக்காது. பகல் சுருங்கி அது மொட்டு வைக்க யோசிக்கும்போது செப்டம்பர் உறைபனி வந்து அடித்துவிடும். எவ்வளவு உரம் போட்டாலும் இது மாறாது. பீன்ஸ் போடு, அதுவும் குத்துச்செடி ரகம். அது பகல் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருக்காது.

முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்ததிலிருந்து நம் ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அது நிதானமாகக் காய்த்து மாதக்கணக்கில் பறிக்கிற பயிர். உனக்கு உறைபனி இல்லாத காலம் நான்கு மாதம்கூடத் தேறாது. குறுகிய காலத்தில் காய்க்கும் நீளக் கத்தரி விதையை அங்கேயே வாங்கி, மார்ச் கடைசியில் வீட்டுக்குள் விளக்கு போட்டு நாற்று விடு. விதைப் பொட்டலத்தில் 60 நாள், 65 நாள் என்று போட்டிருப்பது கத்தரிக்கும் தக்காளிக்கும் நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணுவது, விதைத்த நாளிலிருந்து அல்ல. மே மாதக் கடைசிப் பக்கம் வருகிற விக்டோரியா தின விடுமுறை வரை வெளியே நடாதே. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பகலில் கொஞ்ச நேரம் வெளியே வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கு.

பட்டாணி, முள்ளங்கி, கேரட், பீட்ரூட், கீரை என்ற பெயரில் அங்கே விற்கும் ஸ்பினாச், இதெல்லாம் லேசான உறைபனிக்கு அசையாது, மே தொடக்கத்திலேயே போடலாம். பூண்டு மட்டும் தலைகீழ்: செப்டம்பர் கடைசியில் பல் ஊன்றினால் பனிக்கடியில் கிடந்து அடுத்த ஆகஸ்டில் வரும். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் இங்கே வெயிலில் படுகிற பாடு அங்கே படாது. தண்டுக்கீரை, முளைக்கீரையை ஜூன் நடுவில் தூவு.

ஒரு வேடிக்கை. அங்கே களை என்று பிடுங்கிப் போடுகிறார்களே, மாவு பூசினாற்போல இலை உள்ளது, அது நம் சக்கரவர்த்திக் கீரைதான். அந்தப் பாட்டி வேலியோரம் பிடுங்கிக் குவித்திருந்ததைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை. மருந்து அடிக்காத இடம் என்று உறுதியானால் இளசாகப் பறித்துப் பருப்பில் போட்டுக் கடை.

கறிவேப்பிலை வேண்டுமானால் அங்கேயே கன்று வாங்கித் தொட்டியில் வை. ராத்திரி 10 டிகிரிக்கு இறங்குவதற்கு முன் வீட்டுக்குள் எடுத்துவிடு. குளிர்காலத்தில் இலை கொட்டும், பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றாதே. மல்லியும் அப்படியே, தொட்டிதான், பந்தல் இல்லை. உங்கம்மாவிடம் இதை நீயே சொல்லிவிடு. வெளியே வெள்ளையாக, வாசனையாக ஒன்று வேண்டும் என்றால் மாக் ஆரஞ்சு என்ற புதரைக் கேள், அதில் வாட்டர்டன் என்ற ரகம் ஜோன் 3 தாங்கும். முருங்கையை மறந்துவிடு. நீ வரும்போது மரமே காத்திருக்கும்.

இந்த மார்ச்சில் உனக்கு ஒரு வேலை தருகிறேன். பின்பக்கத்தில் பனி எந்த இடத்தில் முதலில் கரைகிறது, எங்கே கடைசி வரை கிடக்கிறது, கரைந்த தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறித்து வை. முதலில் கரைகிற இடம் கத்தரிக்கும் தக்காளிக்கும். தண்ணீர் தேங்குகிற இடத்தில் செர்ரி வைக்காதே. படம் வரைந்து, தெற்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா